மிதமான குளிருக்கு எந்த விறகு பாய்லர்?

கேள்வி: இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், எரிவாயுக் குழாய் வராத ஒரு கிராமத்தில், பழைய கல்வீட்டில் வசிக்கிறோம். சொந்த நிலத்து மரங்களிலிருந்தே விறகு கிடைப்பதால், வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லரை எடுத்துவிட்டு விறகு பாய்லர் வைக்க எண்ணுகிறோம். ஒரு விற்பனையாளர் 30 கிலோவாட் பாய்லரை வாங்கிக் காற்றைக் குறைத்து எரிக்கச் சொல்கிறார். இன்னொருவர் 20 கிலோவாட் பாய்லருடன் 2,000 லிட்டர் வெந்நீர்த் தொட்டியும் வேண்டும் என்கிறார். எதை ஏற்பது?

பதில்: இரண்டாமவர் சொல்வதே சரி. வெளியே உறைநிலை நிலவும்போது 8 கிலோவாட் வெப்பத்தை இழக்கும் வீடு, வெளியே 10 டிகிரி இருக்கையில் ஏறத்தாழ 4 கிலோவாட்டையே இழக்கும். தங்கள் ஊரின் குளிர்காலத்தில் பெரும்பாலான பகல்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதால், 30 கிலோவாட் பாய்லர் எப்போதும் கழுத்தை நெரித்த நிலையிலேயே எரிய நேரிடும். காற்றுப் போதாமல் புகையும் விறகிலிருந்து எழும் ஆவி, புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் தாராகப் படிந்து, ஒருநாள் அங்கேயே தீப்பற்றக்கூடும். விற்பவருக்கு அந்தக் கவலை இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

விறகை முழு வேகத்தில் எரித்து, கிடைக்கும் வெப்பத்தை நீரில் சேமிப்பதே முறை. நன்கு உலர்ந்த 25 கிலோ விறகு, நல்ல பாய்லரில் சுமார் 90 யூனிட் வெப்பம் தரும். 2,000 லிட்டர் நீரை 40 டிகிரி உயர்த்தவும் ஏறக்குறைய அவ்வளவே தேவை. ஆகவே, மாலையில் ஒருமுறை மூட்டினால் மறுநாள் மாலை வரை வீடு கதகதப்பாக இருக்கும். வெந்நீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் பெரியவையாக இருந்தால் தொட்டி நீர் 40 டிகிரிக்கு இறங்கும் வரை பயன்படும். நீர் மட்டுமே இரண்டு டன் எடை என்பதால் தரையின் வலிமையை முதலில் பாருங்கள். பாய்லருக்குத் திரும்பும் நீர் 60 டிகிரிக்குக் கீழே போகாதபடி காக்கும் கலப்பு வால்வையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லையேல் பாய்லரின் உட்சுவர் வியர்த்து அரித்துப்போகும்.

விறகின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சிறு அளவில் விற்கப்படும் விறகுக்கு இங்கிலாந்தில் 2021 மே முதல் இது சட்டமாகவே உள்ளது. கடலோர ஈரக்காற்றில் ஓக் மரம் உலர இரண்டு ஆண்டுகளாவது ஆகும்; பிளந்து, மேலே கூரையிட்டு, பக்கங்களைத் திறந்துவைத்து அடுக்குங்கள். ஈரமானியை விறகின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தின் நடுவில் ஊசிகளைக் குத்திப் பார்க்க வேண்டும். அடுக்க இடமோ, சுமக்க ஆளோ இல்லாத வீடெனில், இத்தகைய தட்பவெப்பத்தில், வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் வீட்டுக்குள் கொண்டுவரும் வெப்ப பம்பே மேல்.

கேள்வி: மின்தடை ஏற்பட்டால் ஆபத்தா?

பதில்: பாய்லர் நீரைச் சுற்றிவரச் செய்யும் பம்ப் நின்றாலும் நெருப்பு நிற்காது என்பதால், பாய்லர் நீர் கொதிநிலையை நெருங்கும்போது தானே திறந்து குளிர்நீரைச் சுருள்குழாய் வழியே செலுத்தும் பாதுகாப்பு வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியுள்ள வீடுகளில் அந்த மோட்டாரும் அப்போது நின்றுவிடுமாதலால், வால்வுக்கான நீரை மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும்படி அமைக்கச் சொல்லுங்கள்.