உடை மரத்தை வெட்டிவிட்டுக் காடா? – வாங்குவோர் கேள்வி பதில்

ராதாபுரத்திலிருந்து: அண்ணாச்சி, ஊரில் ஒரு ஏக்கர் புஞ்சை சும்மா கிடக்கிறது. சுத்தம் பண்ணி மியாவாக்கி காடு (கன்றுகளை நெருக்கி நட்டு வளர்க்கும் அடர்காடு) வைத்துத் தர சென்டுக்கு 18,000 கேட்கிறார்கள். சதுர மீட்டருக்கு 3 கன்றாம். முன்பணம் கொடுக்கலாமா? போட்டோ இணைத்திருக்கிறேன்.

கொடுக்காதீர்கள். போட்டோவில் குடை விரித்தாற்போல நிற்பவை உடை மரங்கள். நம் சீமைக்கே உரியவை. ஜேசிபிக்காரருக்கு உடையும் சீமைக்கருவேலமும் ஒன்றுதான், இரண்டிலும் முள் இருக்கிறதே! இரண்டையும் வழித்துத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் நாட்டு மரம் வைக்கிறேன் என்று உங்களிடமே காசு கேட்பார். இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

முள்ளும் புல்லும் வெட்டவெளியுமாகக் கிடப்பதுதான் ராதாபுரம், நாங்குநேரிப் பக்கத்து மண்ணின் வாகு. கௌதாரி அந்தப் புல்லடியில்தான் முட்டையிடும், அடர்காட்டுக்குள் போகாது. கணக்கையும் பாருங்கள். ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர், அதாவது 120 கன்று. இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் விட வேண்டும். அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வரும் என்று கொட்டேஷனில் எழுதியிருக்கிறதா?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சீமைக்கருவேலத்தை மட்டும் ஆள் விட்டு வேரோடு எடுங்கள். ஆடு நுழையாமல் வேலி போடுங்கள். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை போகட்டும். ஆவாரை, விராலி, மஞ்சணத்தி எல்லாம் தானாகத் தலைகாட்டினால் உங்கள் பணம் மிச்சம். இடைவெளி இருந்தால் அப்புறம் கன்று வாங்கலாம்.

வள்ளியூரிலிருந்து: சித்திரையில் 60 புங்கன் கன்று நட்டேன், 50 பட்டுப்போச்சு. தரமில்லாத கன்று என்று நர்சரி மேல் புகார் கொடுக்கலாமா?

சித்திரை வெயில் மேல் கொடுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: வாய்க்கால் கரைக்கு 40 நீர்மருது கேட்டுப் பணம் கட்டினேன். வந்தது கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் என்று பக்கத்து வயல்காரர் சொல்லித்தான் தெரிந்தது. "நட்ட கன்றைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். பில்லில் நீர்மருது என்றே இருக்கிறது.

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. கன்றாக இருக்கும்போது எல்லோருக்கும் அடையாளம் தெரிந்துவிடாது. தாமிரபரணிக் கரையில் மருதம் கேட்டவருக்கு, குஜராத் அரசு 2023-இல் நடக்கூடாது என்று தடை போட்ட மரத்தைக் கொடுத்திருக்கிறார்கள்! பில் கையில் இருப்பது பெரிய பலம். கன்றுகளை இலை தெரியும்படி போட்டோ எடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். விடாதீர்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து: வீட்டில் வைத்த சந்தனக் கன்று ஒரு வருஷமாக மஞ்சளடித்து நிற்கிறது. என்ன உரம் வாங்கலாம்?

உரம் வேண்டாம். சந்தனம் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து உறிஞ்சிப் பிழைக்கும் சாதி. அருகில் துவரை ஊன்றுங்கள். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை, மூன்று கன்று போச்சு.

திசையன்விளையிலிருந்து: தேரி (செம்மணல் மேடு) ஓரமாக வைக்க கவரில் வளர்த்த பனங்கன்று 150 ரூபாய் சொல்கிறார்கள். நியாயமான விலையா?

பனைக்கு விலையா, அதுவும் திசையன்விளையில்? பனங்கொட்டை முளைத்ததும் முதலில் மண்ணுக்குள்தான் ஆழமாக இறங்கும், மேலே இலை வருவதெல்லாம் பிறகு. கவருக்குள் இறங்க இடமில்லாமல் அது வளைந்து நிற்கும். பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. ஆவணி, புரட்டாசியில் பனையடியில் விழுந்த பழத்தைப் பொறுக்கி, மழைக்கு முன்னால் கொட்டையை நேராக ஊன்றிவிடுங்கள். மிஞ்சியதைக் கிழங்குக்குப் பாத்தி போட்டால் பொங்கலுக்கு ஆகும்.