சான்டோரினி அசிர்டிகோ: புளிப்பும் அடியில் கிடக்கும் தூளும்

கிரீஸின் சான்டோரினித் தீவில் அசிர்டிகோ திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயினை ஒரு வாரம் ஃபிரிட்ஜில் வைத்துத் திறந்தால் எலுமிச்சை மாதிரி புளிக்கிறது, அடியில் கண்ணாடித் தூள் போல ஏதோ கிடக்கிறது, கெட்டுப்போச்சா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கெடவில்லை.

அந்தத் தூள் திராட்சையிலேயே இருக்கும் டார்டாரிக் அமிலத்தின் உப்பு. குளிரில் கரைந்து நிற்க முடியாமல் படிகிறது. சந்தேகமென்றால் அந்தத் தூளில் நாலு துணுக்கைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டுக் கலக்குங்கள். உப்பு கரையும், கண்ணாடி கரையாது. பாட்டிலை இரண்டு மணி நேரம் நிமிர்த்தி வைத்து மெதுவாக ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையை விட்டுவிடுங்கள்.

புளிப்பு அந்தத் திராட்சையின் பிறவிக் குணம். அங்குள்ள எரிமலை மண்ணில் பொட்டாசியம் குறைவு. அதனால் வெயிலில் நன்றாகப் பழுத்தாலும் அமிலம் லேசில் இறங்காது. ஆனால் ஃபிரிட்ஜின் 4 டிகிரியிலேயே குடித்ததுதான் தப்பு. அந்தக் குளிரில் மணம் எழாது, புளிப்பு மட்டும் நாக்கில் நிற்கும். வெளியே கொஞ்ச நேரம் வைத்து, 10–12 டிகிரிக்கு வந்ததும் ஊற்றுங்கள்.

தீக்குச்சி உரசின வாசனை வந்தால் ஜக்கில் ஊற்றி அரைமணி காற்றாட விடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் அது கார்க் கோளாறு. எவ்வளவு நேரம் வைத்தாலும் போகாது, கடையில் திருப்பிக் கொடுங்கள்.

சாப்பிட எதுவும் இல்லாமல் வெறும் ஒயினாகக் குடிக்காதீர்கள். உப்பு தூக்கலாக வறுத்த கணவாயோ சுட்ட மீனோ இருந்தால் புளிப்பு அடங்கும். இனிப்புச் சாஸ் மட்டும் வேண்டாம், இன்னும் புளிக்கும்.