கெட்டி ஆயில் ஊத்தி வண்டிய விக்கலாமா?

கேள்வி: சார், எங்ககிட்ட 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல் இருக்கு, ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் ஓடுன வண்டி, இப்ப விக்கலாம்னு இருக்கோம். பிரேக் பேட் தேஞ்சிருக்கு, கிளச் லேசா ஸ்லிப் ஆகுது, பின் கதவுல ஒரு சொட்டை, காலைல ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் நீலப் புகை வருது. மெக்கானிக் என்னடான்னா கெட்டி ஆயில் ஊத்தி இன்ஜின வாட்டர் வாஷ் பண்ணித் தர்றேன், பார்ட்டிக்குத் தெரியாதுங்கறார். வீட்டுக்காரரும் சரிங்கறார், எனக்குத்தான் மனசு ஒப்பல.
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: முதல்ல பிரேக்க முடிங்கம்மா, மத்தது அப்புறம். வாங்கறவர் காச குடுத்துட்டு உங்க வாசல்ல இருந்து நேரா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் அடிவாரம் போகப்போறார், அதுல பேரம் பேச ஒண்ணுமில்ல. பேட் புதுசா போடுங்க, போடறப்பவே டிஸ்க்ல கோடு விழுந்திருக்கா, ஓரத்துல விளிம்பு கட்டியிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. பிரேக் ஆயிலயும் சேத்து மாத்திடுங்க, அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், மலை இறங்கறப்ப சூடேறுனா அந்த ஈரம் ஆவியாகி பெடல் பொதபொதன்னு உள்ள போயிடும். டயர் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ போயிருந்தா அதுவும் மாத்தணும், விக்கற வண்டிதானேன்னு பழைய ஸ்டாக்க வாங்கி மாட்டாதீங்க, பக்கவாட்டுல 2319னு போட்டிருந்தா 2019ல 23வது வாரம் செஞ்ச டயர்.

கிளச்ச நீங்க மாத்த வேணாம். அந்தக் காசு விலைல முழுசா திரும்பி வராது, மறைக்கவும் முடியாது, மேட்டுல நாலாவது கியர்ல ஒரு மிதி மிதிச்சா ஆர்பிஎம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. ஒர்க்‌ஷாப்ல ஒரு எஸ்டிமேட் எழுதி வாங்கி வெச்சுக்கோங்க, வர்றவர்கிட்ட அதக் காட்டி அந்தத் தொகைய கழிச்சுப் பேசுங்க.

இப்ப அந்தக் கெட்டி ஆயில். நீலப் புகைன்னா இன்ஜின் ஆயில் எரியுதுன்னு அர்த்தம். வால்வு சீலா இருக்கலாம், பிஸ்டன் ரிங்கா இருக்கலாம், டர்போ (இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி அனுப்பற பாகம்) சீலாவும் இருக்கலாம், சிலிண்டர்ல அழுத்தம் சரியா நிக்குதான்னு கம்ப்ரஷன் டெஸ்ட் பாத்தா ஓரளவு பிடிபடும். கெட்டி ஆயில் ஊத்துனா புகை கொஞ்ச நாள் அடங்கும்தான், ஆனா ஏற்காட்டுக் குளிர்ல காலைல ஸ்டார்ட் பண்றப்ப அந்த ஆயில் டர்போவுக்குப் போய்ச் சேர லேட்டாகும், அதுக்குள்ள அங்க தேயும். இருக்கற கோளாற மறைக்கறேன்னு புதுசா ஒண்ணு பண்றோம், இதுக்கு ஒரு மெக்கானிக் வேறயா! கம்பெனி சொன்ன கிரேடே ஊத்துங்க, பார்ட்டி வர்றதுக்கு முன்னாடி வண்டிய ஓட்டி சூடு பண்ணி வெக்காதீங்க, பானெட்டத் தொட்டா சில்லுன்னு இருக்கணும், அவரே சாவி போட்டு புகைய பாக்கட்டும். வாட்டர் வாஷும் வேணாம், ஆயில் எங்க கசிஞ்சிருக்குன்னு காட்டற கறையே அதுல போயிடும், சென்சார் கனெக்டர்ல தண்ணி வேற போகும்.

சொட்டை அப்படியே இருக்கட்டும். பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சா, பெயிண்ட் கனத்த அளக்கற மீட்டர் வெச்சுப் பாக்கறவங்க பெரிய ஆக்ஸிடென்ட்னே முடிவு கட்டிடுவாங்க.

விலை குறையுமேன்னு வீட்டுக்காரர் கேப்பார், குறையும்தான். கிளச், புகை ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கோங்க, நாளைக்கு ஒருத்தரும் வந்து நிக்க மாட்டாங்க. வண்டி கைமாறி 14 நாளைக்குள்ள வண்டி கைமாறுனதத் தெரிவிக்கற ஃபார்ம் 29ஐ ஆர்டிஓ ஆபீஸ்ல குடுத்துடுங்க, பேர் மாறுற வரைக்கும் ரெக்கார்டுல ஓனர் நீங்கதான்.