டாக்சிசைக்ளின் மாத்திரையைப் பாலுடன் கொடுக்கலாமா?

வியாசர்பாடியில் தேங்கிய மழைநீரில் நடந்து எலிக்காய்ச்சல் கண்ட உங்கள் தந்தைக்கு மருத்துவர் எழுதித்தந்த டாக்சிசைக்ளினை, இரவில் பாலுடன் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாலைத் தவிர்ப்பதே நல்லது. அதிலுள்ள கால்சியம் மருந்தோடு பிணைந்து, உடல் அதை ஈர்த்துக்கொள்ளும் அளவைக் குறைக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் வயிற்று அமிலத்தை முறிக்கும் நெஞ்செரிச்சல் மருந்தும் இன்னும் கூடுதலாகக் குறைக்கும் என்பதால், அவற்றுக்குச் சில மணி நேர இடைவெளி விடுங்கள்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று: படுக்கப்போகும் நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கினால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடக்கூடும். ஆகவே, இரவு உணவுக்குப் பின் தம்ளர் நிறையத் தண்ணீருடன் கொடுத்து, அரை மணி நேரமாவது அவரை உட்கார வையுங்கள். இந்த மருந்து சாப்பிடும்போது வெயிலில் தோல் எளிதில் கன்றும். முழுக்கைச் சட்டை அவசியம். காய்ச்சல் விட்டாலும் மருத்துவர் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ கண் மஞ்சளித்தாலோ தாமதிக்காமல் ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.