டீசல்ல தண்ணின்னு சொன்னா காட்டச் சொல்லுங்க: கேள்வி பதில்

கும்பகோணத்துல டீசல் பம்ப் சர்வீஸ் கடையில 26 வருஷம் வேலை பார்த்தவன் நான். ஷோரூம்ல பெரிய பில் வந்து திகைச்சுப் போய் நிக்கிறவங்களுக்குப் புகார் எழுதிக் கொடுக்கிறதும் சில வருஷமா நடக்குது. பம்ப், இன்ஜெக்டர், அது சம்பந்தமான பில் தகராறு எதுவா இருந்தாலும் கேளுங்க.

மன்னார்குடி: அண்ணே, 3 வருஷ டீசல் கார், 52,000 கி.மீ. ஓடியிருக்கு, வாரண்டி இருக்கு. போன வாரம் வலங்கைமான் தாண்டி நடுரோட்டுல நின்னுடுச்சு. "டீசல்ல தண்ணி கலந்திருக்கு, வாரண்டி கிடையாது"ன்னு சொல்லி பம்ப், ரெயில், 4 இன்ஜெக்டர், டேங்க் க்ளீனிங் எல்லாத்துக்கும் சேர்த்து 1,86,000 எஸ்டிமேட் கொடுத்திருக்காங்க. கையெழுத்துப் போடலாமா?

பதில்: இன்னிக்குப் போடாதீங்க தம்பி. முதல்ல வண்டிக்குள்ள என்ன நடந்திருக்கும்னு புரிஞ்சுக்கங்க, அப்பதான் அவங்ககிட்ட நின்னு பேச முடியும்.

டேங்க்ல இருந்து வர்ற டீசலை ஹை பிரஷர் பம்ப் அழுத்தி ரெயில்ங்கிற குழாய்க்கு அனுப்புது, அங்கிருந்து இன்ஜெக்டர்கள் இன்ஜினுக்குள்ள பீச்சும். இப்ப வர்ற கார்ல அந்த அழுத்தம் 1,600 பார், 2,000 பார் வரைக்கும் போகும். பம்ப்புக்குள்ள தனியா ஆயில் கிடையாது, ஓடுற டீசல்தான் அதுக்கு எண்ணெய். உள்ளே இருக்கிற இடைவெளி சில மைக்ரான்தான். அதுல தண்ணி போனா வழுவழுப்புப் போயி இரும்போட இரும்பு உரசும். உரசின தூள் ரெயில், இன்ஜெக்டர், மிச்ச டீசல் திரும்பி வர்ற ரிட்டர்ன் லைன் வழியா டேங்க் வரைக்கும் போயிடும். பம்பை மட்டும் மாத்தினா மிச்சத் தூள் புது பம்பையும் தின்னுடும். அதனால "எல்லாத்தையும் மாத்தணும்"னு அவங்க சொல்றது சில வண்டிக்கு உண்மைதான். உங்க வண்டிக்கு உண்மையான்னு காட்ட வேண்டியது அவங்க.

தண்ணி போயிருந்தா தடம் இருக்கும். ஃபில்டர் கிண்ணத்துல தண்ணி நிக்கும், துரு இருக்கும். தண்ணி சென்சார் இருக்கிற வண்டின்னா மீட்டர்ல விளக்கு எரிஞ்சிருக்கும், அந்தக் கோளாறுக் குறியீடு வண்டி கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டை பிரிண்ட் போட்டு வாங்குங்க. ஃபில்டரை ஒரு வெள்ளை வேட்டித் துணியில கவுத்துப் பாருங்க. ஜிகினாத் தூள் மாதிரி மினுமினுன்னு இருந்து, தண்ணியும் துருவும் இல்லேன்னா பம்ப் தானாவே தேஞ்சிருக்கலாம்னு நீங்க கேக்க இடம் இருக்கு. அது வாரண்டி சமாச்சாரம்.

அடுத்தது சாம்பிள். உங்க கண் முன்னாடி டேங்க்ல இருந்தும் ஃபில்டர்ல இருந்தும் சுத்தமான கண்ணாடி பாட்டில்ல டீசல் பிடிங்க. ஒவ்வொண்ணுலயும் 3 பாட்டில். வண்டி நம்பர், தேதி, கி.மீ. எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அரக்கு வச்சு மூடுங்க. ஒரு செட் உங்ககிட்ட இருக்கணும். ஒரு ராத்திரி அசையாம வச்சா மோர் தெளியிற மாதிரி தண்ணி அடியில தனியா இறங்கிடும், நடுவுல கோடு போட்ட மாதிரி தெரியும்.

என் மச்சான் வண்டிக்கு இதே கதைதான். ஒரு ஷோரூம்ல தண்ணி நிக்கிற பாட்டில் ஒண்ணைத் தூக்கி மேஜையில வச்சாங்க. "இது எந்த வண்டி, என்னிக்கு எடுத்தது"ன்னு கேட்டேன். பாட்டில் மேல ஒரு எழுத்துக்கூட இல்லை. எங்க டேங்கை எங்க முன்னாடி திறந்து பிடிச்சா டீசல் பளிச்சுன்னு வந்துச்சு. சர்வீஸ் மேனேஜர் அந்த பாட்டிலை மேஜைக்கு அடியில தள்ளினதை இன்னும் மறக்கலை. அந்தக் கோபத்துலதான் இந்தப் புகார் எழுதிக் கொடுக்கிற வேலையிலேயே இறங்கினேன்.

இன்னொண்ணு. எல்லா சர்வீஸும் அதே டீலர்கிட்டதானே? ஃபில்டர் எப்ப மாத்தணும், அதுல தேங்கின தண்ணியை எப்ப இறக்கணும்னு சர்வீஸ் புக்ல இருக்கும். செஞ்சிருக்காங்களான்னு பழைய பில்லை எடுத்துப் பாருங்க. செய்யலேன்னா அதுவே சேவைக் குறைபாடு. வாரண்டி கிடையாதுன்னா எந்த விதிப்படின்னு இ-மெயில்ல கேளுங்க, வாயால சொன்னதை நம்பி நிக்காதீங்க. வேலை நடந்தா கழட்டின பழைய பார்ட்ஸ் மொத்தமும் வேணும்னு ஜாப் கார்டுலேயே எழுதச் சொல்லுங்க.

பட்டுக்கோட்டை: சார், போன்ல "சரி பாருங்க"ன்னு சொன்னது தப்பாப் போச்சு. வேலையை முடிச்சுட்டு 1,40,000 கேக்கிறாங்க. கட்டாம வண்டி தரமாட்டாங்களாம், நாளுக்கு 300 பார்க்கிங்காம். வண்டியை அங்கேயே விட்டுட்டு கேஸ் போடவா?

பதில்: விட்டுட்டு வராதீங்க. வேலை செஞ்சவன் கூலி வர்ற வரைக்கும் பொருளைப் பிடிச்சு வச்சுக்கலாம்னு 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டம் 170-ம் பிரிவு சொல்லுது. அது அவங்க பக்கம். பணத்தைக் கட்டுங்க, ஆனா "ஆட்சேபத்தோட, என் உரிமையை விட்டுக்கொடுக்காம கட்டுறேன்"னு எழுதிக் கொடுத்துட்டு அதையே இ-மெயிலும் அனுப்புங்க. "முழு திருப்தி"ன்னு ஒரு தாள் நீட்டுவாங்க, அதுல கையெழுத்து வேண்டாம். பார்க்கிங் காசு ஜாப் கார்டுல எங்க எழுதியிருக்குன்னு கேளுங்க. பழைய பார்ட்ஸை வண்டியிலேயே ஏத்திக்கிட்டு வாங்க.

திருவாரூர்: வக்கீல் வேணுமா ஐயா? டீலர் திருச்சியில, நான் இங்கே. செலவு எவ்வளவு ஆகும்?

பதில்: வக்கீல் கட்டாயம் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற இல்ல வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், திருச்சிக்கு அலைய வேண்டாம். முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டுப் பதிவு பண்ணுங்க, சில கம்பெனி அதுலேயே இறங்கி வரும். இறங்கலேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டணம் நீங்க கொடுத்த தொகையைப் பொறுத்தது: 5 லட்சம் வரைக்கும் எதுவும் இல்லை, 10 லட்சம் வரைக்கும் 200 ரூபா, 20 லட்சம் வரைக்கும் 400, 50 லட்சம் வரைக்கும் 1,000. வெறும் ரிப்பேர் பில்லுன்னா காசில்லாம முடியும். வண்டியே கோளாறுன்னு கம்பெனியையும் சேர்த்தா வண்டி விலையை வச்சுக் கணக்குப் போடுவாங்க. 2 வருஷத்துக்குள்ள போடணும். சேவைக் குறைபாட்டை நிரூபிக்கிற பொறுப்பு புகார்தாரர் மேலதான்னு உச்ச நீதிமன்றம் 2021-ல சொல்லியிருக்கு. பாட்டில், பழைய பார்ட்ஸ்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது அதனாலதான்.

சீர்காழி: டீசல்ல தண்ணின்னு சொல்லிட்டாங்க, என்ன பண்றது?

பதில்: மன்னார்குடி தம்பிக்குச் சொன்னதை அப்படியே பண்ணுங்க.

நாகப்பட்டினம்: டீசல் வண்டியில பெட்ரோல் போட்டுட்டாங்க அண்ணே, 10 லிட்டர். இப்ப பங்க்லதான் நிக்கிறேன்.

பதில்: சாவியைத் திருப்பவே திருப்பாதீங்க. சாவி போட்டாலே டேங்க் மோட்டார் ஓட ஆரம்பிச்சுடும். தள்ளி ஓரமா விட்டு, டேங்கை மொத்தமா இறக்குங்க. பில்லை வாங்கிக்கங்க, பங்க்ல எழுதி வாங்கிக்கங்க.

வேதாரண்யம்: கஜா புயலப்போ ஜெனரேட்டருக்கு வாங்கி வச்சதுல இருந்து வீட்ல கேன் டீசல் வைக்கிறது பழக்கமாயிடுச்சு. போன மாசம் அதுல 15 லிட்டர் கார்ல ஊத்தினேன். இப்ப பம்ப் போச்சு. டீலர்கிட்ட சொல்லணுமா?

பதில்: பொய் சொல்லாதீங்க அண்ணே. பொய் ஒண்ணு மாட்டினா மிச்ச உண்மையும் போயிடும். கேன்ல மிச்சம் இருந்தா அதையும் பாட்டில்ல பிடிச்சுப் பாருங்க. தண்ணி இருந்தா இதுல டீலரோட சண்டை போட எதுவும் இல்லை, பில்லுல எதைக் குறைக்கலாம்னு பேசுங்க. எல்லாருக்கும் சொல்றேன், கார்ல கேன் டீசல் ஊத்தாதீங்க.

ஒரத்தநாடு: கேன் டீசலைக் குத்தம் சொல்றது எனக்கு ஒப்பலை. எங்க வீட்ல 30 வருஷமா பேரல்லதான் டீசல். குறுவை, சம்பா ரெண்டுக்கும் அதே டீசல்லதான் டிராக்டர் ஓடுது. ஒரு தடவை பம்ப் கழட்டினதில்லை. டெல்டாவுல வயலுக்குள்ள பங்க்கா வரும்? கார் கம்பெனிக்காரன் நோஞ்சான் பம்பை வச்சுட்டு விவசாயி கேனைக் குத்தம் சொல்றான், நீங்களும் அதுக்கு ஒத்து ஊதுறீங்க.

பதில்: அய்யா, உங்க கோபம் நியாயம். ஆனா ரெண்டும் வேற மிஷின். பழைய டிராக்டர் நாசில் திறக்கிறது சுமார் 200 பார்ல. கார்ல அதைப் போல எட்டு மடங்கு, பத்து மடங்கு. உங்க பம்ப் கொஞ்சம் தண்ணியைக் குடிச்சுட்டு இருமிட்டு ஓடும். இது இருமாது, உள்ளுக்குள்ள உரசிச் செத்துப்போகும். அப்படி ஒரு பம்பை நம்ம ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் விக்கிறவன் இன்னும் பெரிய ஃபில்டர் வச்சிருக்கணும்னு நீங்க சொன்னா, உங்க பக்கம் நிக்கிறேன்.

ஒரத்தநாடு: அப்ப நான் புது டிராக்டர் வாங்கினாலும் பேரல் ஆகாதா?

பதில்: 50 குதிரைத்திறனுக்கு மேல உள்ள டிராக்டருக்கு 2023 ஜனவரியில இருந்து புது புகை விதி வந்தாச்சு. அதுல பெரும்பாலும் கார்ல இருக்கிற மாதிரி ஹை பிரஷர் பம்ப், ரெயில் வச்ச காமன் ரெயில்தான் வருது. அது வீட்டுக்கு வந்தா பேரல் பழக்கத்தை மாத்தணும். பேரல் பாதி காலியா நின்னா உள்காத்து ராத்திரி குளிர்ந்து சுவர்ல வேர்க்கும், அந்த வேர்வை அடியில சேரும். நிறைச்சு வைங்க, சாய்ச்சு வைங்க, அடியில நாலு விரக்கடை விட்டு எடுங்க, ஃபில்டர் வச்சு ஊத்துங்க. முப்பது வருஷமா நீங்க பம்ப் கழட்டலேன்னா அடி டீசலை நீங்க தொடாம விட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன்.

ஒரத்தநாடு: அடியில ஒரு சாண் விடுவோம். அப்பா சொல்லிக் கொடுத்தது.

பதில்: அதான் அய்யா விஷயம். அந்தப் பம்பைக் காப்பாத்தினது உங்க அப்பா.

குத்தாலம்: நான் பங்க்ல வேலை பார்க்கிறேன். பேரலை விட்டா அடுத்து எங்க தலையில போடுவீங்க. நாங்க தினம் காலையில, தண்ணி பட்டா நிறம் மாறுற பேஸ்டைத் தடவி டேங்க்ல ராடு விட்டுப் பார்க்கிறோம் சார்.

பதில்: பார்க்கிற பங்க்ல வாங்கத்தான் நானும் சொல்றேன். வாடிக்கையாளர் கேட்டா அடர்த்தி பார்த்துக் காட்டணும், ரிஜிஸ்டர்ல இருக்கிறதுக்கும் அதுக்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது. ஃபில்டர் பேப்பர்ல சொட்டு விட்டுப் பார்க்கிறது பெட்ரோலுக்கு மட்டும், டீசலுக்கு அது எதையும் காட்டாது. வண்டி நின்ன அன்னிக்கு அதே டேங்க்ல இருந்து வேற எத்தனை வண்டிக்குப் போட்டீங்க, எதுவும் நின்னுச்சான்னு நீங்க எழுதிக் கொடுத்தா அது வாடிக்கையாளருக்குப் பெரிய சாட்சி. உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

பாபநாசம்: பம்ப் தேயாம இருக்க டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்கலாமா?

பதில்: வேண்டாம். வாரண்டி மறுக்க நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

திருத்துறைப்பூண்டி: இன்சூரன்ஸ்ல வாங்க முடியுமா?

பதில்: சாதாரண பாலிசியில இயந்திரக் கோளாறு வராது. வெள்ளத்துல மாட்டின வண்டின்னா இன்ஜின் பாதுகாப்பு சேர்த்திருக்கீங்களான்னு பாலிசியைப் பாருங்க. பிரிக்கிறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரிவிக்கணும்.

மயிலாடுதுறை: டீசல்ல தண்ணின்னு சொல்றாங்க, என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, மேல படிங்க, தயவுசெய்து. இது மூணாவது தடவை. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பாட்டில் பிடிங்க, அதை மட்டும் மறக்காதீங்க.

திருவையாறு: எந்த டீசல் கார் வாங்கலாம் அண்ணே?

பதில்: அது எனக்குத் தெரிஞ்ச துறை இல்லை.

தஞ்சாவூர்: வெளிக் கடையில இன்ஜெக்டர் டெஸ்ட் பண்ணினா வாரண்டி போயிடுமாம். உண்மையா?

பதில்: வெளியே தொட்டாலே வாரண்டி ரத்துன்னு மொத்தமா விதி போடக்கூடாது, வெளியே செஞ்ச வேலையால வந்த சேதத்துக்கு மட்டும்தான் மறுக்கலாம்னு இந்தியப் போட்டி ஆணையம் 2014-ல 14 கார் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டுச்சு. கம்பெனிகள் அப்பீல் போனாங்க, அதனால அதை மட்டும் நம்பி இறங்காதீங்க. வாரண்டி உள்ள வண்டியில நீங்களா கழட்டாம, "உங்க ஆள் கூட இருக்கட்டும், வெளியே டெஸ்ட் பெஞ்சுல போட்டுப் பார்ப்போம்"னு எழுத்துல கேளுங்க. மறுத்தா அந்த மறுப்பும் நுகர்வோர் ஆணையத்துல உங்களுக்கு ஆதாரக் காகிதம்தான்.

மன்னார்குடி: அண்ணே, திரும்ப நான்தான். காலையில போனேன். டேங்க் டீசல் 3 பாட்டில் பிடிச்சாச்சு, கையெழுத்தும் வாங்கியாச்சு, சுத்தமாத்தான் இருக்கு. ஃபில்டரைக் கேட்டா "அன்னிக்கே குப்பையில போட்டுட்டோம்"ங்கிறாங்க.

பதில்: டேங்க் சுத்தமா இருக்குன்னா ஃபில்டர்ல இருந்ததாச் சொல்ற தண்ணிதான் அவங்களுக்கு மிச்சம், அதையும் அவங்களே தூக்கிப் போட்டுட்டாங்க. இன்னிக்கு ராத்திரிக்குள்ள இ-மெயில் போடுங்க, கம்பெனி கஸ்டமர் கேருக்கும் காப்பி. ஃபில்டரை என்னிக்கு யார் கழட்டினது, போட்டோ எடுத்தாங்களா, என்கிட்ட காட்டாம ஏன் போட்டாங்கன்னு மூணே கேள்வி. பம்பை இன்னும் பிரிக்கலைன்னா நான் இல்லாம பிரிக்காதீங்கன்னு ஒரு வரி. பாட்டில்களை வெயில் படாத இடத்துல வைங்க, பிள்ளைங்க கைக்கு எட்டாம. அவங்க என்ன பதில் போட்டாலும் எனக்குக் காட்டிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.