செவிப்பறை ஆறிய பின்னும் காது மந்தமாக இருப்பது ஏன்?

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் நடந்த வாகன விபத்தில் என் தம்பிக்குத் தலையில் அடிபட்டு, வலது காதில் இரத்தம் வந்தது. செவிப்பறைக் கிழிசல் தானாகவே மூடிவிட்டது. ஆனாலும் அந்தக் காது சரியாகக் கேட்பதில்லை. உள்ளே எலும்பு விலகியிருப்பதாகச் சொல்லி மருத்துவர் அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரைக்கிறார். இத்தனை நாள் காத்திருந்தது தவறா? அறுவை சிகிச்சை அவசியம்தானா?

பதில்: காத்திருந்தது தவறன்று. அடிபட்டுக் கிழியும் செவிப்பறைகளில் பெரும்பாலானவை மூன்று மாதங்களுக்குள் தாமாகவே ஆறிவிடும். நடுச்செவியில் தேங்கிய இரத்தமும் சில வாரங்களில் வடிந்துவிடும். அதன் பிறகும் செவித்திறன் திரும்பாவிட்டால்தான் செவிப்பறையின் அதிர்வை உட்செவிக்குக் கடத்தும் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகளைச் சந்தேகிக்க வேண்டும்.

சுத்தி எலும்பு செவிப்பறையோடும், அங்கவடி எலும்பு உட்செவியின் வாயிலோடும் பிணைந்திருக்க, இடையிலுள்ள பட்டடை எலும்புக்கு அத்தகைய உறுதியான பிடிமானம் இல்லாததால், பலத்த அடியில் பெரும்பாலும் அதுவே இடம்பெயர்கிறது. தொடர்பு அறுந்த நிலையில் செவிப்பறை மட்டும் மூடிக்கொண்டால், அது ஒலியை உள்ளே விடாமல் தடுக்கும் திரையாகிவிடுகிறது. கேட்புக் குறைவு 60 டெசிபல் வரை போவதும் உண்டு.

அறுவை சிகிச்சையில் மருத்துவர் செவிப்பறையின் ஓரத்தைத் தூக்கி மடித்து, நுண்ணோக்கி வழியே ஒவ்வொரு எலும்பையும் மெல்லத் தொட்டு அசைத்துப் பார்ப்பார், சி.டி. ஸ்கேனில் தெளிவாகாத விலகல்கூட அப்போது புலப்படும். விலகிய பட்டடையையே செதுக்கி இடையில் பொருத்தலாம், அல்லது டைட்டானியத்தாலான செயற்கை எலும்பை வைக்கலாம். அங்கவடி முறியாமல் இருந்தால் பலன் பொதுவாக நன்றாகவே அமையும். நாவில் சுவை மாறுதல், பொருத்திய எலும்பு நகர்தல், அரிதாக உள்ள கேட்பும் குறைதல் ஆகிய அபாயங்கள் உண்டு.

உங்கள் தம்பியின் உட்செவி நரம்பு நன்றாக இயங்குவதாகக் கேட்புப் பரிசோதனை காட்டினால், நானும் அறுவை சிகிச்சையையே பரிந்துரைப்பேன். ஆயினும் இது உயிர்காக்கும் சிகிச்சை அன்று. செவித்துணைக் கருவியும் நல்ல மாற்றுவழியே. மற்றொரு காது முற்றிலும் கேளாதவராக இருந்தால் கருவியே பாதுகாப்பானது.

காத்திருப்பது எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். அடிபட்டவுடன் முகம் ஒரு பக்கம் கோணுதல், கடும் தலைச்சுற்றல், நாளுக்கு நாள் கேட்பு குறைதல், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அன்றே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.