உதைத்ததையும் எழுதச் சொல்லுங்கள்

கேள்வி: போன மாதம் இரவு ஏழரை மணிக்கு நெடுஞ்சாலையில் நடந்து வந்த என் அம்மாவின் செயினை, பைக்கில் பின்னால் இருந்தவன் பிடித்து இழுத்தான். அம்மா விடவில்லை. உதைத்துக் கீழே தள்ளிப் பறித்துப் போய்விட்டான். மணிக்கட்டு எலும்பு முறிவு. முதல் தகவல் அறிக்கையில் ‘செயின் பறிப்பு’ என்று மட்டும் இருக்கிறது. பிடிபட்ட ஓட்டுநரோ, ‘நான் தொடவே இல்லை’ என்கிறானாம். தப்பிவிடுவானா? அம்மா கையில் மிஞ்சிய செயின் துண்டைக் கம்மலாக்கலாமா?

பதில்: பறிப்பு என்பது 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிக் குற்றம்; பிரிவு 304, அதிகபட்சம் 3 ஆண்டு. நகையை எடுப்பதற்காகவே உதைத்தால் அது கொள்ளை, பிரிவு 309. அதற்கு 10 ஆண்டு வரை கடுங்காவல். சூரியன் மறைந்தபின் நெடுஞ்சாலையில் நடந்தால் 14 வரை. அவர் தடுமாறித் தானாக விழுந்திருந்தால் இப்படிச் சொல்ல முடியாது. நகை பறிபோனவர்கள் எத்தனை பவுன், என்ன டிசைன் என்று ஒரு பக்கம் எழுதுவார்கள்; உதை வாங்கியதை அரை வரியில் விட்டுவிடுவார்கள். வழக்கே அந்த அரை வரியில்தான் இருக்கிறது.

ஓட்டுநர் சொல்வது எடுபடாது. கொள்ளையின்போது ஒருவன் காயப்படுத்தினால், உடன் சேர்ந்து செய்தவனுக்கும் ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை தண்டனை உண்டு என்கிறது 309(6). எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். உதைத்தவனுக்குப் பிரிவு 311-இன்படி 7 ஆண்டுக்குக் குறையாது. ஆனால் அந்த 7 ஆண்டு, காயப்படுத்தியவனுக்கு மட்டும்தான்.

உதைத்ததைச் சொல்லி, பிரிவுகளை மாற்றக் கோரி விசாரணை அதிகாரியிடம் மனு கொடுங்கள். எக்ஸ்ரேயும் மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகலும் உடன் இருக்கட்டும். பதிவேட்டில் வெறுமனே ‘கீழே விழுந்ததால்’ என்று இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார், பார்த்துவிடுங்கள். கட்டுப்போட்ட கையோடு அம்மாவை ஸ்டேஷனுக்கு அலைக்கழிக்க வேண்டாம். பெண் சாட்சியை வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். மனுவை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கம்மல் பொறுக்கட்டும். செயின் மீட்கப்பட்டால், அதன் அறுந்த முனையும் இந்தத் துண்டும் பொருந்துவதே நல்ல சாட்சி. ஆசாரியிடம் தராமல் அதிகாரியிடம் ஒப்படைத்து, எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.